ஸ்டியரிங்குக்குள் இருந்த பை

என் வீட்டுக்காரர் பிலவேந்திரன் குவைத்திலிருந்து வந்து இறங்குவதற்கு முன்னாலேயே, அவர் குதித்துவிட்டார் என்ற பேச்சு காமயகவுண்டன்பட்டிக்கு வந்து சேர்ந்திருந்தது. விமானத்தில் வந்தவர் அவர். பேச்சு எதில் ஏறி வந்ததோ தெரியவில்லை, அவரை முந்திக்கொண்டது.

குதிப்பது என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். கம்பத்திலிருந்து கேரள எல்லை மலையில் இருக்கும் கம்பம்மெட்டுக்கு ஏறும் ஜீப்புகளுக்குக் கதவு கிடையாது. கழற்றிப் போட்டுவிடுவார்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்களை உள்ளே அடைத்து, முன்சீட்டிலும் நாலு பேரை நெருக்கி உட்கார வைத்த பிறகு டிரைவருக்கு மிஞ்சுவது பாதி இடம்தான். மீதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டுதான் ஓட்டுவார். இறக்கத்தில் பிரேக் போனால் அவருக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. காலை வெளியே எடுத்து வைத்துத் தாவினால் தீர்ந்தது, சிராய்ப்போடு போய்விடும். உள்ளே இருக்கிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே எங்கள் பக்கத்து ஜீப் ஷெட்டுகளில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. குதித்த டிரைவருக்கு எந்த ஷெட்டிலும் சாவி கிடையாது. கம்பம், கூடலூர், போடி எங்கு போனாலும் கிடையாது. அவன் வேறு வேலை பார்த்துப் பிழைக்கலாம். யாரும் அடிக்கமாட்டார்கள், திட்டமாட்டார்கள். சாவி மட்டும் கொடுக்கமாட்டார்கள்.

நல்ல கட்டுப்பாடுதான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அது என் வீட்டு வாசலுக்கு வரும் வரைக்கும்.

நடந்தது இவ்வளவுதான். குவைத்தில் இவர் ஒரு பெரிய பணக்காரருக்குக் கார் ஓட்டினார். புதிதாக வந்திறங்கிய ஜெர்மன் கார். எண்பத்து நாலில் ஒரு நாள், குறுக்குச் சாலையிலிருந்து தண்ணீர் லாரி ஒன்று பார்க்காமல் உள்ளே வந்தது. கார் போய் அதில் முட்டியது. பின்சீட்டில் இருந்த முதலாளி செத்துப்போனார். முன்சீட்டில் ஸ்டியரிங் பிடித்திருந்த இவருக்குக் கையிலும் தாடையிலும் சிராய்ப்பு. தப்பு லாரிக்காரன் மேல் என்று அந்த ஊர்ப் போலீசே எழுதிக்கொடுத்து இவரை விட்டுவிட்டது. முதலாளியின் மகன்களுக்கு மட்டும் இவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே வேலை பார்த்த நம் பக்கத்து ஆள் யாரோ ஊருக்குச் சொல்லிவிட்டான். முதலாளி செத்தார், டிரைவருக்குச் சிராய்ப்பு. கம்பத்து ஜீப் ஷெட்டில் நிற்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா? சிராய்ப்பு என்றாலே அவர்கள் அகராதியில் ஒரே அர்த்தம்தான்.

வந்த அன்றைக்கே என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"முட்டுனதும் ஒரு வெடிச்சத்தம் பிலோமி. கோயில் திருவிழா வேட்ட காதுக்குள்ள வச்சுப் போட்ட மாதிரி. ஸ்டியரிங்கு நடுவுல ஒரு மூடி இருக்குதுல்ல, அது பொளந்துச்சு. உள்ள இருந்து ஒரு பை வந்து மூஞ்சியில ஒரே அறை. நான் அது மேல கவுந்து விழுந்தேன். நிமுந்து பாக்குறேன், பையி மடியில தொங்கிப்போயிக் கெடக்கு. காருக்குள்ள பூராம் வெள்ளப் பவுடரு, வெடிமருந்து வாட. கையி, தாட எல்லாம் அந்தத் துணி ஒரசுனதுதான்."

"பையா?"

"காத்துப் பை."

"ஸ்டியரிங்குக்குள்ளயா?"

"ஆமாங்குறேன்ல."

நான் காமயகவுண்டன்பட்டியில் ஆரம்பப் பள்ளி டீச்சர். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதாததற்குச் சொல்லும் காரணங்களை வருடக்கணக்கில் கேட்டுப் பழகியவள். இப்படி ஒன்றை அவர்கள்கூடச் சொன்னதில்லை. இருந்தாலும் கட்டின புருசன் ஆயிற்றே என்று பாதி நம்பினேன். மீதிப் பாதியை வாயைத் திறந்து காட்டிக்கொள்ளவில்லை.

ஊர் பாதிகூட நம்பவில்லை. முட்டினால் வருகிற பையாம், வந்து காப்பாற்றிவிட்டு உடனே காணாமல் போகிற பையாம். "குதிச்சேன்னு ஒத்துக்கிட்டுப் போயிட்டாக்கூட மதிக்கலாம்டே, இவரு வாயிலயே வடை சுடுறாரு" என்று டீக்கடையில் பேசினார்கள். எனக்குக் கேட்கிற மாதிரியே பேசினார்கள். இவரோ பார்க்கிற ஆளையெல்லாம் நிறுத்தி வைத்து மறுபடி மறுபடி சொன்னார். வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்றால் கேட்கிற பிறவி இல்லை. நடந்ததைத்தானே சொல்கிறேன் என்பார். அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு எத்தனை பேரிடம் அவமானப்படுவது?

கம்பத்தில் சங்கரலிங்கம் அண்ணாச்சியின் ஷெட்தான் பெரியது. குவைத் போவதற்கு முன்னால் இவர் அங்கேதான் ஓட்டினார். அங்கே போய்ச் சாவி கேட்டிருக்கிறார். அண்ணாச்சி முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லும் ஆள் இல்லை. "பாப்பம்" என்றாராம். எங்கள் ஊரில் அதற்கு இல்லை என்றுதான் பொருள். பக்கத்தில் நின்ற டிரைவர் மொக்கைச்சாமிதான் ஒரு யோசனை சொன்னான்.

"அண்ணே சொல்ற பைய நம்மளே கட்டிப் பாத்துருவம் மொதலாளி. நெசம்னா தெரிஞ்சுருது."

பிறகு நடந்த கூத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். ரேஷன் அட்டை விஷயமாகக் கம்பம் வந்தவள் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கினால், ஷெட் வாசலில் கூட்டம். ஒரு பழைய ஜீப்பின் ஸ்டியரிங்கில் லாரி டியூப்பை விறைப்பாகக் காற்றடைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். எதிரே மணல் மூட்டை அடுக்கியிருந்தது. ஜீப்பில் உட்கார்ந்திருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? என் வீட்டுக்காரரேதான். வா என்றால் போய் உட்கார்ந்துவிடுவதா? நான் கூப்பிடுவதற்குள் நாலு பேர் பின்னாலிருந்து தள்ள, ஷெட்டின் சரிவில் ஜீப் உருண்டுபோய் மூட்டையில் முட்டியது. இவர் முன்னால் போய் டியூப்பில் மோதினார். டியூப் இவரை வாங்கிய வேகத்திலேயே திருப்பி அனுப்பியது. பின்மண்டை மேற்கூரைக் கம்பியில் போய் 'டங்' என்று அடித்தது.

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. மொக்கைச்சாமி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

இவர் மண்டையைத் தடவிக்கொண்டே இறங்கினார். "இது இல்லப்பா. இதுல காத்து போறதுக்கு வழியில்ல. அந்தப் பையில பின்னாடி ஓட்ட இருக்கும்."

"ஓட்டப் பையில காத்து எப்பிடிண்ணே நிக்கும்?"

"நிக்காது. நிக்கக்கூடாது."

மறுபடியும் சிரித்தார்கள். நான் அவர் சட்டையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துவந்தேன். வரும் வழியெல்லாம் அவர் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். குவைத்தில் கார் பழுதுபார்க்கும் கம்பெனியில் வர்க்கீஸ் என்று ஒரு மலையாளி மெக்கானிக் இருந்தாராம். விபத்துக்குப் பிறகு அந்தத் துணிப் பையை விரித்துக் காட்டிச் சொன்னாராம். காரின் முன்பக்கத்தில் ஒரு கருவி இருக்கிறது. குழியில் விழுந்தால், பிரேக்கை அழுத்தினால் அது சும்மா இருக்கும். பலமாக முட்டினால் மட்டும் பொறி தட்டும். உப்பு மாதிரி ஒரு மருந்தை வில்லையாக அடைத்து வைத்திருக்கிறார்கள். அது எரிந்து காற்றாகிப் பைக்குள் பாயும். கண்ணிமைக்கிற நேரம்கூட ஆகாது. அதற்குள் பை நிறைந்து நிற்கும். ஆள் வந்து அதில் விழுந்ததும் பின்னால் உள்ள ஓட்டை வழியாகக் காற்று வெளியேறும். நெஞ்சைக் குத்த வேண்டிய வேகத்தையெல்லாம் பை வாங்கிக்கொண்டு தளர்ந்துவிடும். இடுப்பில் பெல்ட்டும் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பையே அடித்துவிடும். இவர் போட்டிருந்தார். பின்சீட்டு முதலாளிக்குப் பையும் இல்லை, பெல்ட்டும் போடவில்லை.

"சேட்டன் எல்லாம் தெளிவாச் சொன்னாக பிலோமி. எனக்குத்தான் இவங்ககிட்டச் சொல்லத் தெரியல."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கோபம் யார் மேல் என்று எனக்கே பிடிபடவில்லை.

அடுத்த வாரம் தேங்காய் வாங்கத் தோப்புக்குப் போயிருந்தேன். லாரிக்குக் காய் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே இருக்கிறவன் எறிகிறான், மேலே இருக்கிறவன் பிடிக்கிறான். எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்றைக்குத்தான் பிடிக்கிறவன் கையைப் பார்த்தேன். காய் கையில் பட்டதும் கை அங்கேயே நிற்கவில்லை. காயோடு சேர்ந்து பின்னால் போய் மெதுவாக நின்றது. ஏன் இப்படி என்று கேட்டேன். "வெறப்பா நின்னா உள்ளங்கை பிஞ்சிரும் டீச்சர்" என்றான். நான் தேங்காய்கூட வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். லாரி டியூப் விறைத்து நின்ற கை. குவைத்துப் பை பின்னால் போன கை. என் வீட்டுக்காரர் சொன்னது அத்தனையும் நிஜம். அன்றிலிருந்து முழுசாக நம்பினேன்.

நம்பியவள் சும்மா இருக்க முடியுமா? நேரே ஷெட்டுக்குப் போனேன்.

"அண்ணாச்சி, அவுக குதிக்கல."

"நான் குதிச்சாருன்னு சொன்னேனா டீச்சரம்மா?"

"சாவி குடுக்காததுக்கு வேற என்ன அர்த்தம்?"

அவர் தொண்டையைச் செருமினார். கெட்ட மனிதர் இல்லை. "எனக்கு அவரு மேல ஒண்ணுமில்ல. ஏறி ஒக்காரப்போற பொம்பளைகளுக்குல்ல நம்பிக்கை வரணும்? குதிச்சவரு ஓட்டுற வண்டின்னு ஒருத்தி சொன்னாப் போதும், ஒருத்தரும் ஏறமாட்டாக."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீக?"

நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். "மூட்டை ஏத்தட்டும். மேல ஒரம் கொண்டுபோகட்டும், கீழ ஏலக்கா கொண்டுவரட்டும். மூட்டைக்கு மட்டும். ஆளுக்கு வேணாம்."

அதற்குப் பிறகு ஒரு வருடம் என் வீட்டுக்காரர் மூட்டை ஓட்டினார். காலையில் எல்லா ஜீப்பிலும் பெண்கள் தூக்குவாளியோடு முண்டியடித்து ஏறுவார்கள். கடைசியில் இவர் ஜீப் மட்டும் உர மூட்டையோடு நிற்கும். தெரிந்த பெண்கள்கூட அதைத் தாண்டிப் போய் வேறு ஜீப்பில் தொங்கிக்கொண்டு போவார்கள். யாரையும் அவர் கூப்பிடவும் இல்லை. வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டு முற்றத்தில் உட்கார்ந்திருப்பார். ஒரே ஒரு தடவை மட்டும், "ஒருத்தர், ஒரே ஒருத்தர் நம்பி ஏறுனாப் போதும் பிலோமி" என்றார். நான் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அது நடந்தது. நான் அங்கே இல்லை. எங்கள் தெரு அன்னத்தாய் சொன்னதைத்தான் சொல்கிறேன். அவள் மகள் என் வகுப்பில் படிக்கிறாள். சாயங்காலம் தோட்ட வேலை முடிந்து இறங்கும்போது அவளையும் கூட வேலை பார்த்த பெண்களையும் ஏற்றிவர வேண்டிய ஜீப் தோட்டத்திலேயே ஆக்சில் ஒடிந்து நின்றுவிட்டது. மழை ஊற்றுகிறது. வேறு வண்டி இல்லை. ஏலக்காய் மூட்டையோடு இவர் ஜீப் நிற்கிறது. ஒன்பது பெண்கள் மழையில் நின்றுகொண்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்திருக்கிறார்கள். அன்னத்தாய்தான் போய்க் கேட்டாள்.

"அண்ணே, நாங்களும் மூட்டை மேல மூட்டையா ஏறிக்கிறவா?"

இவர் உடனே தலையாட்டவில்லையாம். மொதலாளி ஆள் ஏற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றாராம். பிறகு இறங்கி, தார்ப்பாயை விரித்துக் கட்டி, அவர்கள் ஏற மூட்டையைச் சரி செய்து கொடுத்தாராம்.

பாதி இறக்கத்தில் பிரேக் போயிற்று. அன்னத்தாய் டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மிதிச்சாக, மிதிச்சாக, கால் சும்மா உள்ள போகுது. கியரப் போட்டாக, கரகரன்னு சத்தந்தான் வந்துச்சு. வண்டி ஓடுது. அண்ணே வலது கால வெளிய வச்சாக டீச்சர். நான் பாத்தேன். ஆத்தாடி, செத்தோம்னு நெனச்சேன். என் புள்ளயத்தான் நெனச்சேன். அதுக்குள்ள காலத் திருப்பி உள்ள எடுத்துட்டாக. ரெண்டு கையாலயும் ஒடிச்சு மலப்பக்கம் விட்டாக."

ஜீப் மலைச் சுவரில் நேராகப் போய் முட்டியது. பெண்கள் முன்னால் சரிந்தார்கள், ஏலக்காய் மூட்டைகளும் அவர்களோடு சரிந்தன. காய்ந்த காய் அது, மூட்டை நொறுங்கி நெளிந்துகொடுத்தது. ஒருத்திக்கு மணிக்கட்டு பிசகியது, ஒருத்திக்கு உதடு கிழிந்தது. மற்றவர்களுக்கு ஏலக்காய் வாசனையைத் தவிர ஒன்றும் ஒட்டவில்லை.

என் வீட்டுக்காரருக்கு மூட்டை இல்லை. ஸ்டியரிங் இருந்தது. அது நெஞ்சில் ஏறி நின்றது.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்செலும்பும் விலா எலும்புகளும் முறிந்திருக்கின்றன, நுரையீரலில் அடி என்றார்கள். பிழைத்துக்கொள்வார், இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது, கனமாக எதையும் தூக்கக்கூடாது என்றார்கள். கண் திறந்ததும் முதலில் பெண்களைக் கேட்டார். எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்றேன். முகட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முட்டப்போற நேரத்துல, பை வந்துரும்னு நெனச்சுட்டேன் பிலோமி. ஓட்ட ஜீப்புன்னு தெரியும். இருந்தாலும் மனசு நெனச்சுருச்சு. கூறுகெட்ட மனசு."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "குதிச்சிருக்கலாம்ல நீங்க?"

"ஒம்போது பேரு."

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. நான் சொன்னது தப்பு என்று எனக்குத் தெரியும். அந்த ஒன்பது பேரில் என் வகுப்புப் பிள்ளையின் அம்மா இருக்கிறாள் என்றும் தெரியும். அப்படியும், அவர் மூச்சு இழுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது, குதித்தவன் பெண்டாட்டி என்ற பெயரோடு ஆயுசுக்கும் இருந்துவிட்டுப் போயிருப்பேனே என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

சங்கரலிங்கம் அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எந்த ஜீப் சாவி வேணும்னாலும் எடுத்துக்க பிலவேந்திரா. ஆளையே ஏத்திக்க. ஒன்னக் குதிச்சவன்னு சொல்ல இனி ஒருத்தனுக்கும் வாயில்ல."

"நெஞ்செலும்பு ஒடஞ்சாத்தான் ஒங்களுக்கு நம்பிக்கை வருமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இவர் என்னை முறைத்தார், மொதலாளியை அப்படிக் கேட்கலாமா என்று.

ஊர் முழுக்க இப்போது அவர் குதிக்காதவர். டீக்கடையில் அப்படித்தான் பேச்சு. ஆனால் பையைப் பற்றி யாரும் பேசவில்லை. குதிக்காதவர் என்று தெரிந்த பிறகு, அந்தப் பைக் கதை எதற்கு, பாவம் விட்டுவிடலாம் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். இவரும் அதைப் பேசுவதை நிறுத்திவிட்டார். எவ்வளவு சொல்லியும் நிறுத்தாத மனிதர் தானாக நிறுத்தியது எனக்கு அவர் மூச்சுத் திணறலைவிடப் பயமாக இருந்தது.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஒன்பது பெண்களும் சேர்ந்து வந்தார்கள். திராட்சையும் ரஸ்க்கும் வாங்கி வந்திருந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று கண்ணைத் துடைத்தார்கள். அன்னத்தாய் அவர் நெஞ்சைச் சுற்றிப் போட்டிருந்த துணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாங்க மூட்டை மேல விழுந்தோம்ண்ணே. அது நசுங்கிக் குடுத்துச்சு, தப்பிச்சோம். ஒங்களுக்குத்தான் முன்னாடி ஒண்ணுமில்ல." கொஞ்சம் தயங்கினாள். "ஏண்ணே, குவைத்துல வந்துச்சுல்ல, அந்தப் பை. அது இந்த ஜீப்புல இருந்திருந்தா ஒங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?"

வந்துச்சுல்ல என்றாள். ஏதோ எல்லாருக்கும் தெரிந்த விஷயம்போல, நேற்று மழை வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

நெஞ்சு ஒடிந்தபோது அழாத மனிதரின் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினார், முடியவில்லை.

"ஆகியிருக்காது ஆத்தா" என்றார். "அது எப்படின்னா..." என்று எழுந்து உட்காரப் பார்த்தார். டாக்டர் அதிகம் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார். பேசாதீர்கள் என்றேன், அதட்டினேன், கெஞ்சினேன். என்றைக்குக் கேட்டார், இன்றைக்குக் கேட்க? வெடிச்சத்தத்திலிருந்து தொடங்கிவிட்டார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு வாங்கி, மூடி பொளந்ததையும் பை வந்து அறைந்ததையும் சொன்னார். பையில் ஓட்டை இருக்கும் என்று சொன்னபோது நான் அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்தேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. நின்றுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருத்தியாகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

நான் அடுப்படிக்குப் போய் நின்று அழுதேன். அவருக்கு மூச்சு முட்டிப் பேச்சு நின்றபோதெல்லாம், "பெறகு என்னண்ணே ஆச்சு?" என்று அன்னத்தாய் கேட்கிற சத்தம் வந்தது.